எட்டு மாதக் குழந்தைக்கு கார் சீட்: எது வாங்குவது, பழைய வேகன் ஆரில் எப்படி மாட்டுவது?

நாகமலை அம்மு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு மாதம், எட்டு கிலோ, 69 செ.மீ. உயரம். வீடு நாகமலைப் புதுக்கோட்டை. மாமியார் ஊர் உசிலம்பட்டி தாண்டி உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது வழக்கம். கணவருக்கு ஓசூரில் வேலை, அதனால் பெரும்பாலும் வண்டி ஓட்டுவது நான்தான். வண்டி 2014 வேகன் ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டைப் பெல்ட் இல்லாமல் நேராக மாட்ட வண்டியிலேயே வரும் கொக்கிக் கம்பி) கிடையாது. பின்சீட்டில் இரண்டு ஓரத்திலும் மூன்று முனை பெல்ட் இருக்கிறது, நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்.

இதுவரை அத்தைதான் பின்னால் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். போன மாதம் செக்கானூரணி தாண்டி ஒரு ஆட்டு மந்தை திடீரென்று குறுக்கே வந்துவிட்டது. பிரேக் அடித்தேன். அப்படி ஒன்றும் வேகமாகப் போகவில்லை. ஆனாலும் குழந்தையின் தலை முன்சீட்டின் முதுகில் மோத ஒரு சாண்தான் பாக்கி. "நான்தான் பிடிச்சிருந்தேன்ல" என்கிறார் அத்தை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆன்லைனில் பார்த்தால் ஐந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை கிடக்கிறது. ஐசோஃபிக்ஸ் இல்லாத வண்டியில் சீட் வாங்கிப் பிரயோஜனம் உண்டா? மதுரையில் யார் ஒழுங்காக மாட்டித் தருவார்கள்? இன்னொன்று, துபாயில் இருக்கும் நாத்தனார் தன் பையன் உட்கார்ந்த சீட்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா?

பழைய லாம்ப்ரெட்டா எழுதியது:

நாங்களெல்லாம் டிவிஎஸ் 50-யில் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டே அழகர்கோவில் போய் வந்த ஆட்கள். பின்னால் அம்மா, மடியில் தங்கச்சி, கூடவே பொங்கல் பானை. ஒன்றும் ஆகவில்லை. உசிலம்பட்டி வரை போக எதற்கம்மா இந்தச் செலவு? பெரியவங்க மடியை விடப் பத்திரமான இடம் வேறு ஏது?

திருமங்கலம் வாத்தியார் எழுதியது:

லாம்ப்ரெட்டா தம்பி, ஒன்றும் ஆகாதவர்கள்தான் இங்கே வந்து எழுத முடியும். ஆனவர்கள் எழுத வரமாட்டார்கள்.

முப்பது வருஷம் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன், ஒரு கணக்கு போட்டுவிடுகிறேன். 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். வண்டி எதிரே எதிலோ மோதி, மூக்கு அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்களும் அந்த அரை மீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால், புவியீர்ப்பைப் போல் சுமார் 20 மடங்கு விசை அவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். எட்டு கிலோ குழந்தையைப் பிடித்திருக்கும் கைக்கு அது 160 கிலோ. நெல் மூட்டை இரண்டு. அதுவும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்தில். பயில்வானாலும் முடியாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய அறுபது கிலோவும் அதே 20 மடங்கில் முன்னால் வரும். நடுவில் இருப்பது குழந்தை. சிலர் ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றிப் போடுகிறார்கள். அது அதைவிட மோசம். பெல்ட்டுக்கும் பெரியவர் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

50 கி.மீ. வேகத்தில் மோதுவதும் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒரே கணக்கு. மூன்றாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத வராந்தாவில் "நான் பிடிச்சுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் விடுவோமா?

கே.கே. நகர் கார்த்தி எழுதியது:

அம்மு சகோதரி, ஐசோஃபிக்ஸ் இல்லை என்று கவலை வேண்டாம். மூன்று முனை பெல்ட்டிலேயே மாட்டுகிற சீட்டுகள் நிறைய உண்டு. சரியாக மாட்டினால் நன்றாகவே வேலை செய்யும். ஐசோஃபிக்ஸ் வந்ததே, பெல்ட்டில் மாட்டுகிறவர்கள் தப்பாக மாட்டிவிடுகிறார்கள் என்பதால்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிராண்டு அல்ல, பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிள். ஐரோப்பியத் தரம் இரண்டு உண்டு. பழையது ஆர்44. அதன் கடைசித் திருத்தம் 04, லேபிளில் உள்ள அனுமதி எண்ணும் 04 என்றுதான் தொடங்கும். அது எடைக் கணக்கு: 0+ என்றால் 13 கிலோ வரை, குரூப் 1 என்றால் 9 முதல் 18, குரூப் 2 என்றால் 15 முதல் 25, குரூப் 3 என்றால் 22 முதல் 36. புதியது ஆர்129, ஐ-சைஸ் என்று சொல்வார்களே, அது. இது உயரக் கணக்கு. குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது, பக்கவாட்டு மோதல் சோதனையும் இதில் உண்டு. ஆர்44-ல் அந்தச் சோதனை இல்லை. நம் நாட்டுத் தரம் ஏஐஎஸ் 072, ஆர்44-ஐ ஒட்டி எழுதப்பட்டது. இந்த மூன்றில் ஒன்றுகூட லேபிளில் இல்லை என்றால், அது எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வெறும் நாற்காலிதான்.

உங்களுக்கு என் யோசனை: பக்கெட் மாதிரி கைப்பிடி வைத்து வருகிற கேரியர் வேண்டாம். எட்டு மாதம் ஆகிவிட்டது, சீக்கிரமே சிறிதாகிவிடும். 0 முதல் 36 கிலோ வரை, பன்னிரண்டு வயதுவரை ஒரே சீட் என்று விற்பதும் வேண்டாம். எல்லா வயதுக்கும் செய்தது எந்த வயதுக்கும் ஒழுங்காகப் பொருந்துவதில்லை, சின்னக் குழந்தை அதில் தொலைந்து போகும். 0 முதல் 18 கிலோ வரையிலான கன்வெர்டிபிள் பாருங்கள். முதலில் பின்னோக்கி, பிறகு முன்னோக்கி. லவ்லேப், ஆர் ஃபார் ராபிட், சிக்கோ, ஜோயி என்று பல கம்பெனிகளில் உண்டு. விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். லேபிள் சரியாக உள்ள ஏழாயிரம் ரூபாய் சீட்டை இறுக்கமாக மாட்டினால், தொளதொளவென்று கிடக்கும் முப்பதாயிரம் ரூபாய் சீட்டை விட மேல்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கடையில் சீட்டை உங்கள் வண்டிக்கே எடுத்து வந்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னோக்கி மாட்டும்போது பெல்ட் சீட்டைச் சுற்றி வெகுதூரம் போக வேண்டும், சில சின்னக் கார்களில் நீளம் எட்டாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகமலை அம்மு எழுதியது:

ரொம்ப நன்றி கார்த்தி சார், வாத்தியார் ஐயா. "மூன்றாவது மாடி" கணக்கை அத்தையிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பின்பக்கமா திரும்பி உக்காந்தா புள்ளைக்குக் கால் எங்க போகும்? நம்ம முகம் தெரியாம அழாதா?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். எட்டு மாதத்தில் நன்றாக உட்காருகிறாளே, இன்னும் எதற்குப் பின்னோக்கி?

வார்டு அக்கா எழுதியது:

குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன், நான் சொல்கிறேன். உட்காருவது வேறு, கழுத்து தாங்குவது வேறு. இந்த வயதில் தலை உடம்புக்கு மிஞ்சிய பாரம். கழுத்தெலும்புகள் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், முழுதாகக் கூடியிருக்காது. முன்னோக்கி உட்கார்ந்து மோதினால் பட்டை உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், இழுப்பு முழுக்கக் கழுத்துக்கு. பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றும் ஒன்றாகச் சீட்டின் ஓட்டில் அமுங்கும். விசை பரவிவிடும்.

கால் இடிக்குமே என்று எல்லோரும் கேட்பார்கள். குழந்தை சம்மணம் போட்டுக்கொள்ளும், இல்லாவிட்டால் காலைச் சீட் முதுகின் மேல் தூக்கிப் போட்டுக்கொள்ளும். நமக்குத்தான் அது கஷ்டமாகத் தெரிகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முன்பு இரண்டு வயது வரை என்றது. 2018-இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, அந்தச் சீட் பின்னோக்கி அனுமதிக்கும் எடையும் உயரமும் முடியும் வரை என்று மாற்றிவிட்டது. ஸ்வீடனில் நான்கு வயது வரைகூட வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இரண்டு வயது தாண்டியும் 13 கிலோ வராது. அதனால் சீட்டை அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள்.

சாய்மானம் முக்கியம். ரொம்ப நிமிர்ந்து இருந்தால் தூங்கும்போது தாடை நெஞ்சில் போய்ப் படியும், மூச்சுக்குழல் மடங்கும். பச்சைக் குழந்தைக்கு இது நிஜமான ஆபத்து. உங்கள் மகளுக்கு எட்டு மாதம், கொஞ்சம் நிமிர்த்தலாம், ஆனால் தலை முன்னால் சாயக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் தூங்குகிறாளே என்று சீட்டிலேயே விடாதீர்கள், தூக்கித் தொட்டிலிலோ பாயிலோ போடுங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கிவிடுங்கள்.

அழுகை முதலில் இருக்கும். வீட்டிலேயே இரண்டு நாள் சீட்டைக் கூடத்தில் வைத்து அதில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டுங்கள், பழகிவிடும். அத்தையைப் பக்கத்துச் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். சீட் பின்னோக்கி இருப்பதால் முகம் அவருக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

திருமங்கலம் வாத்தியார் எழுதியது:

நர்ஸம்மா சொன்னதோடு ஒரு சின்னச் செய்தி. பின்னோக்கி உட்கார்த்தும் யோசனையே விண்வெளியிலிருந்து வந்தது. ஸ்வீடன் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைக் கொடுத்துப் படுத்திருப்பதைப் பார்த்து, குழந்தைக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார். 1964-இல் வால்வோ காரில் முதல் மாதிரி இருக்கையை வைத்துச் சோதித்தார்கள். பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட விழித்துக்கொள்ளும்.

பைபாஸ் பட்டறை எழுதியது:

தங்கச்சி, நான் சீட் கவர், ஆடியோ, சென்சார் வேலை செய்கிறவன். கார்த்தி தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் மதுரையில் நாங்கள் பார்க்கிற முக்கால்வாசிப் பிரச்சினை சீட் கவர்தான்.

ஷோரூமிலிருந்து வண்டி வந்த அன்றே அரை அங்குல ஸ்பாஞ்சு வைத்த ரெக்ஸின் கவர் போட்டுவிடுகிறோம். நானும்தான் போட்டுக் கொடுக்கிறேன், தொழில் அது. அதன் மேல் குழந்தை சீட்டை வைத்துப் பெல்ட் இழுத்தால் கெட்டியாக இருப்பது மாதிரித் தெரியும். நிஜத்தில் ஸ்பாஞ்சு அமுங்கியிருக்கிறது. நாலு நாள் கழித்து அசைத்துப் பாருங்கள், ஆடும். ரெக்ஸின் மேல் பிளாஸ்டிக் வழுக்கவும் வழுக்கும். பின்சீட்டில் குழந்தை சீட் வரும் பக்கம் மட்டும் கவரைக் கழற்றிவிடுங்கள், கம்பெனி துணியே போதும். ஐசோஃபிக்ஸ் உள்ள வண்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன். இரண்டு கொக்கிக் கம்பியும் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், 28 செ.மீ. இடைவெளியில் இருக்கும். கவர் அதை மூடியிருந்தால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், அந்த இடத்தில் வெட்டி ஓரம் தைத்துத் தருவோம். கவருக்கு மேலேயே கிளிப்பைக் குத்தி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியாக மாட்டியதற்குக் கிளிப்பில் தெரியும் பச்சைக் குறி வராது, "சத்தம் வந்துச்சே" என்பார்கள். இரண்டு பக்கமும் பச்சை வர வேண்டும்.

அடுத்தது பெல்ட். நம் ஊர்க் காரில் பின் பெல்ட் மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டும். அதனால் சீட்டைக் கட்டின பெல்ட் நாளாக ஆகத் தளரும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் லாக் கிளிப் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். இல்லாத மாடலை உங்கள் வண்டிக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

மாட்டும் விதம்: சீட்டுக்குள் ஒரு முழங்காலை ஊன்றி உங்கள் பாரத்தை முழுக்கக் கொடுங்கள். பெல்ட்டைக் கோர்த்து பக்கிளில் போட்டு, முதலில் இடுப்புப் பகுதியை இழுங்கள், அந்தத் தளர்ச்சி தோள் பக்கம் வரும். அதையும் இழுத்துக் கிளிப்பை மூடுங்கள். பிறகு முழங்காலை எடுத்து, பெல்ட் போகும் இடத்தில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. மேல் நுனியைப் பிடித்து ஆட்டினால் எந்தச் சீட்டும் ஆடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கோர்க்கும் வழியில் நிறம் இருக்கும். நீலம் பின்னோக்கி, சிவப்பு முன்னோக்கி. பக்கிள் தலை சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மடங்கிக் கிடந்தால் அந்த இடம் சரியில்லை, மறு ஓரத்தில் மாட்டிப் பாருங்கள். பக்கிள் நேராக நிற்க வேண்டும், வளைந்தால் மோதும்போது உடையும்.

வேலம்மாள்_பேரன் எழுதியது:

இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் வண்டியை மாற்றிவிடலாம். ஐசோஃபிக்ஸ் இல்லாத வண்டி எல்லாம் தகரம்.

கே.கே. நகர் கார்த்தி எழுதியது:

மாற்ற முடிந்தவர்கள் மாற்றட்டும். அப்படி வாங்கும்போது, பாரத் என்கேப் மதிப்பெண்ணில் குழந்தைக்கான பகுதியைத் தனியாகப் பாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய, கார்களை மோதவிட்டு மதிப்பெண் போடும் சோதனை அது, குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் 49 மதிப்பெண். பெரியவர்களுக்கு எத்தனை ஸ்டார் என்பது வேறு. ஆனால் வருகிற சனிக்கிழமை உசிலம்பட்டி போக வேண்டிய அம்முவுக்கு இருக்கிற வண்டியில்தான் பதில் வேண்டும்.

பழைய லாம்ப்ரெட்டா எழுதியது:

சரி, கணக்கு புரிகிறது வாத்தியாரே. அப்போது மனைவி முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால்? என் மருமகள் அப்படித்தான் வருகிறாள். புது வண்டி, முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக் எல்லாம் இருக்கிறது.

வார்டு அக்கா எழுதியது:

ஐயா, தயவுசெய்து இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஏர்பேக் இருப்பதால்தான் அது எல்லாவற்றிலும் மோசமான இடம். கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும், பெரியவர் நெஞ்சுக்காகச் செய்தது. மடியில் இருக்கும் குழந்தை அதன் வழியிலேயே இருக்கிறது. பின்னோக்கி மாட்டும் சீட்டையும் ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. வெயில் மறைப்பானில் குழந்தை சீட்டில் குறுக்குக் கோடு போட்ட படம் ஒட்டியிருக்குமே, அது இதற்குத்தான்.

கோர்ட்டு வாசல் எழுதியது:

சட்டம் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்த்த பிரிவு 194பி. பதினான்கு வயது நிறையாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். இரு சக்கர வண்டிக்கும் விதி வந்துவிட்டது, லாம்ப்ரெட்டா அண்ணன் கவனிக்க. நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை, ஒன்பது மாதம் முதல் அளவான ஹெல்மெட், வேகம் 40-க்கு மேல் போகக்கூடாது. 2022-இல் அறிவித்து 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. ரோட்டில் யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நாகமலை அம்மு எழுதியது:

துபாய் சீட் பற்றி யாரும் சொல்லவில்லையே? நாத்தனார் அடுத்த வாரம் வருகிறார். லக்கேஜில் போட்டுக்கொண்டு வரவா என்று கேட்கிறார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்.

கே.கே. நகர் கார்த்தி எழுதியது:

வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ கேளுங்கள்: தர லேபிள், தயாரித்த தேதி, பட்டை கோர்க்கும் பின்புறம். பெரும்பாலான கம்பெனிகள் ஆறு முதல் பத்து வருஷம் வரைதான் ஆயுள் கொடுக்கும், அடியில் அச்சிட்டிருக்கும். அந்த ஊர் வெயிலில் காருக்குள்ளேயே கிடந்த பிளாஸ்டிக் என்பதையும் மனதில் வையுங்கள். ஒருமுறை மோதலில் மாட்டிய சீட்டை வெளியே விரிசல் இல்லாவிட்டாலும் மறுபடி பயன்படுத்தக்கூடாது. சொந்த நாத்தனார் என்பதால் மோதியதா என்று நேராகக் கேட்கலாம். ஓஎல்எக்ஸில் வாங்கும்போது அதுதான் முடியாது.

அங்கே அமெரிக்கச் சீட்டும் விற்கும், ஐரோப்பியச் சீட்டும் விற்கும். அமெரிக்க மாடல்கள் பலவற்றில் லாக் கிளிப் இருக்காது. அங்கத்திய கார் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும், அதை நம்பிச் செய்தவை. பட்டறை அண்ணன் சொன்ன நம் ஊர் பெல்ட்டில் அது தளர்ந்துகொண்டே போகும். ஐசோஃபிக்ஸில் மட்டுமே மாட்டுகிற மாடலாக இருந்தாலும் உங்கள் வண்டிக்கு உதவாது. நாத்தனாரிடம் பொம்மை கொண்டுவரச் சொல்லுங்கள்.

நாகமலை அம்மு எழுதியது:

போட்டோ வந்தது. 2015-இல் செய்தது, ஐசோஃபிக்ஸ் மட்டும்தான். நாத்தனாரிடம் வண்டியில் மாட்டவே முடியாது என்று சொன்னேன், ஒன்றும் நினைக்கவில்லை. இங்கேயே ஒரு கன்வெர்டிபிள் வாங்கிவிட்டேன், ஆர்44/04 லேபிள், லாக் கிளிப் உண்டு. டிரைவருக்குப் பின்னால் வைக்கவா, இடது பக்கமா?

பைபாஸ் பட்டறை எழுதியது:

இடது பக்கம் வை தங்கச்சி. நடு சீட் நல்ல இடம்தான், ஆனால் உன் வண்டியில் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும், அதில் இந்தச் சீட் மாட்டாது. இடது ஓரம் என்றால் வண்டியை ஓரம் கட்டி நடைபாதைப் பக்கமாகவே குழந்தையை ஏற்றி இறக்கலாம். டிரைவர் பின்னால் வைத்தால் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் நிற்க வேண்டும், காளவாசலில் அப்படி நின்று பார். முன் இடது சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டி வரும்.

நாகமலை அம்மு எழுதியது:

வாங்கின கடையிலேயே ஒரு பையன் மாட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னோக்கி வைத்துவிட்டு பெல்ட்டைச் சிவப்பு வழியில் கோர்த்திருக்கிறான்! அண்ணன் எழுதியதைப் படித்திருக்காவிட்டால் அப்படியே உசிலம்பட்டி போயிருப்பேன். கழற்றி, முழங்கால் ஊன்றி நானே நீலத்தில் மாட்டினேன். இப்போது அசையவில்லை. கவரும் அந்தப் பக்கம் கழற்றியாச்சு. அடுத்த சந்தேகம், குழந்தையைச் சீட்டோடு கட்டும் உள்பட்டை. எவ்வளவு இறுக்குவது? இறுக்கினால் சிணுங்குகிறாள்.

வார்டு அக்கா எழுதியது:

தோளுக்கு மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் தளர்வு, வழுக்கிவிட்டால் சரி. பின்னோக்கி இருக்கும்போது தோள்பட்டை வெளியே வரும் துளை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். முன்னோக்கித் திருப்பினால் சமமாகவோ சற்று மேலேயோ. முறுக்கு இல்லாமல் தட்டையாகப் படிய வேண்டும்.

சிணுங்குவதற்குக் காரணம் பட்டையாகவே இருக்க வேண்டியதில்லை. வெள்ளி அரைஞாண் போட்டிருக்கிறீர்களா? அதன் திருகாணி இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு குத்தும். ஒரு பிள்ளைக்குத் தொடையில் அச்சே விழுந்திருந்தது. வண்டி ஏறும் முன் அதை மேலே தள்ளிவிடுங்கள், அல்லது கறுப்புக் கயிறாகப் போடுங்கள். விசேஷத்துக்குப் பட்டுப் பாவாடை கட்டினால், பாவாடையைத் தூக்கிவிட்டு நடுப்பட்டை இரண்டு காலுக்கும் இடையில் வரும்படி மாட்டி, மேலே விரித்துவிடுங்கள். பாவாடைக்கு மேலேயே மாட்டினால் கீழே வழுக்கும்.

நாகமலை அம்மு எழுதியது:

அக்கா, திருகாணிதான்! அத்தையே கழற்றி வைத்துவிட்டார்.

கொடைரோடு ரயிலடி எழுதியது:

மே மாதம் கொடைக்கானல் போகிறவர்களுக்கு என் பங்கு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிரும் என்று பிள்ளைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் பட்டை மாட்டுகிறார்கள். கம்பளி காற்று நிறைந்த பொருள், மோதும்போது அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பட்டையை மாட்டி, அதற்கு மேல் போர்வையைப் போர்த்துங்கள். வாந்திக்குத் தயாராகவும் போங்கள். பட்டையை வாஷிங் மிஷினில் போடவோ சோப்பில் ஊற வைக்கவோ கூடாது, நூலின் பலம் போய்விடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய விடுங்கள். மெத்தை உறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம், கழற்றும் முன் பட்டை எந்தத் துளையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தட்டில் எவர்சில்வர் டிபன் கேரியரும் தண்ணீர்க் குடமும் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வாத்தியாரின் 20 மடங்கு அதற்கும் உண்டு. பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது.

பழைய லாம்ப்ரெட்டா எழுதியது:

வெயிலைப் பற்றி நான் சொல்கிறேன், அதுவாவது எனக்குத் தெரியும். மாட்டுத்தாவணியில் நிறுத்திவிட்டு வந்தால் பெல்ட் பக்கிள் அடுப்பில் வைத்த மாதிரி சுடும். வெள்ளைத் துண்டு ஒன்றைச் சீட் முழுக்கப் போர்த்திவிட்டுப் போங்கள், குழந்தையை உட்கார வைக்கும் முன் எடுத்துவிட்டு இரும்பைத் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் ஏசி போட்டுவிட்டு ஏற்றினால் நல்லது.

வார்டு அக்கா எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. பூ வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று குழந்தையை மட்டும் உள்ளே விட்டுப் போகாதீர்கள். மூடிய காரில் பத்து நிமிடத்தில் வெப்பம் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு நம்மைவிட வேகமாகச் சூடாகும்.

ஆரப்பாளையம் அப்பா எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு ஐந்து வயது, 17 கிலோ, 108 செ.மீ. பெரிய பெல்ட்டே போடலாம் என்கிறார் மனைவி. பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும், வெறும் தலையணை மாதிரி பூஸ்டர் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. போதுமா?

கே.கே. நகர் கார்த்தி எழுதியது:

பெரிய பெல்ட் இப்போது போடக்கூடாது சார். இடுப்புப் பகுதி தொடை எலும்புக்கு மேல், இடுப்பெலும்பில் படிய வேண்டும். 108 செ.மீ. பையனுக்கு அது வயிற்றின் மேல் ஏறும், மோதினால் குடலும் ஈரலும் அடிபடும். தோள் பகுதி கழுத்தை உரசும், உடனே கைக்கு அடியில் தள்ளிவிடுவான். முதுகு உள்ள பூஸ்டர் வாங்குங்கள், தோள் பெல்ட்டை வழிநடத்தும் கொக்கி தலைப் பக்கம் இருக்கும், தூங்கிச் சாய்ந்தாலும் இடம் மாறாது. 18 கிலோ வரை போகும் ஐந்து முனைப் பட்டை சீட் ஏற்கெனவே வீட்டில் இருந்து, தோள் அதன் மேல் துளையைத் தாண்டாமல் இருந்தால், அதிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஐரோப்பாவில் 135 முதல் 150 செ.மீ. வரை பூஸ்டர் கட்டாயம். அது வரை உங்கள் பையனுக்கு வருஷங்கள் இருக்கின்றன.

ஆரப்பாளையம் அப்பா எழுதியது:

நன்றி. பட்டறை அண்ணே, எங்கள் வண்டியிலும் கவர் கொக்கியை மூடியிருக்கிறது. வெட்டித் தைக்க எப்போது வரலாம்?

பைபாஸ் பட்டறை எழுதியது:

பத்து மணிக்கு மேல் வாங்க. ஞாயிறு லீவு. குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுவாங்க, கொக்கியில் மாட்டிப் பார்த்துத்தான் ஓரம் தைக்கணும்.